சில தளங்கள் மட்டும் மெதுவாகத் திறக்கிறதா? மட்டக்களப்பு, அம்பாறை வீட்டு இணையப் பாவனையாளர்களுக்கான கேள்வி பதில்

வாட்ஸ்அப் ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் ஒரு வங்கித் தளமோ, விசா விண்ணப்பப் பக்கமோ, பிள்ளையின் வெளிநாட்டுப் பாடநெறியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. இணையம் முழுதாக நின்றுபோனது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.

இந்தக் குறையைச் சொன்னால் கடையில் புது ரவுட்டர் வாங்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பெரிய பாக்கேஜுக்கு மாறச் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே தேவைப்படாது. காசைச் செலவழிக்க முதல் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று பிடிக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

மெதுவாக இருக்கும் தளம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிம் வேறு கம்பனியுடையதாக இருக்க வேண்டும், இது முக்கியம். வீட்டு இணையமும் சிம்மும் ஒரே கம்பனி என்றால் இரண்டும் நாட்டை விட்டு வெளியே போவது அநேகமாக ஒரே பாதையில்தான். அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. உங்களிடம் வேறு சிம் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஹொட்ஸ்பொட் கேளுங்கள்.

வேறு கம்பனியிலும் அதே தளம் இழுத்தால், பிழை அந்தத் தளத்தின் சர்வரில், அல்லது கடலுக்கு அப்பால். உங்கள் வீட்டில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் சரிவராது. வேறு கம்பனியில் உடனே திறந்தால், பிழை உங்கள் வீட்டுக்குள்ளோ உங்கள் கம்பனியின் பாதையிலோ இருக்கிறது.

அடுத்து, வீட்டு வைஃபையிலேயே இன்னொரு போனில் அல்லது லப்டொப்பில் அதே தளத்தைத் திறவுங்கள். ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாவிட்டால், ஓடாத கருவியைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் கருவியிலும் இழுத்தால், முடியுமானால் லப்டொப்பை வயர் மூலம் ரவுட்டரில் பொருத்திப் பாருங்கள். வயரில் சரியாகிவிட்டால் குறை வைஃபையில். அப்புறம், பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரே தளம் இரண்டு விதமாக நடந்துகொண்டால் அதுவே ஒரு பெரிய துப்பு.

யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ஸ்பீட் டெஸ்டும் நல்ல வேகம் காட்டுகிறது. அப்படியென்றால் லைனில் குறை இல்லைத்தானே?

உங்கள் வீட்டிலிருந்து கொழும்பு வரை குறை இல்லை. அவ்வளவைத்தான் அந்த இரண்டும் சொல்கின்றன.

கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் சேமிப்புச் சர்வர்களை உலகெங்கும் இணையக் கம்பனிகளின் வலையமைப்புக்குள்ளேயே வைக்கின்றன. பலர் பார்க்கும் வீடியோவின் பிரதி ஒன்று அங்கே இருக்கும். காத்தான்குடிக் கடையில் கிடைக்கிற சாமானுக்கு யாரும் வெளிநாட்டுக்கு ஓடர் கொடுப்பதில்லை, அதுபோலத்தான். பல தளங்களின் பிரதிகளை வைத்திருந்து கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்துக்கும் கொழும்பில் ஒரு நிலையம் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் செயலியும் தானாகப் பக்கத்திலுள்ள சர்வரைத்தான் தெரிவு செய்யும். ஆகவே கடல் கடந்து போகும் பாதை நெரிசலில் திணறிக்கொண்டிருந்தாலும் இந்த இரண்டிலும் அது தெரியாது.

உண்மை தெரிய வேண்டுமென்றால் ஸ்பீட் டெஸ்டில் சர்வரை நீங்களே மாற்றுங்கள். முதலில் சிங்கப்பூர், பிறகு லண்டன். கொழும்பில் 20 எம்பிபிஎஸ் காட்டி லண்டனில் 1 காட்டினால், பிழை எங்கே என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

வேகத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: போய்வரும் நேரம், செயலியில் பிங் என்று வருவது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். போய்வர ஆகக் குறைந்தது 87 மில்லி செக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 150, அதற்கு மேலும் வரும். அமெரிக்காவின் கிழக்குக் கரை என்றால் 250ஐ ஒட்டி வருவது சாதாரணம். ஒரு பக்கம் திறக்கத் தொடங்க முன்னர் பெயரைத் தேடுவது, தொடர்பு ஏற்படுத்துவது, பாதுகாப்புச் சாவி பரிமாறுவது, பக்கத்தைக் கேட்பது என்று மூன்று நான்கு தடவை இந்தப் பயணம் நடக்கிறது. ஆக, 100 எம்பிபிஎஸ் லைன் வைத்திருந்தாலும் அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய தளம் முதல் எழுத்தைக் காட்ட ஒரு செக்கன் எடுப்பது இயற்கையானது. பத்து செக்கன் எடுத்தால்தான் அது குறை.

நாங்கள் கொழும்பிலிருந்து தூரம் என்பதால்தான் இப்படி என்று சொல்கிறார்களே?

இல்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீதியால் 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இழை சுற்றி வளைத்து 400 கிலோமீற்றர் போனாலும் போய்வர 4 மில்லி செக்கன்தான் கூடும். கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு துளி. பொத்துவிலில் இருந்தாலும் வாகரையில் இருந்தாலும் இதே கணக்குத்தான். கிழக்கு மாகாணம் என்றால் மெதுவாகத்தான் இருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடலடிக் கேபிள் அறுந்தால் எங்களுக்கும் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் சில தளங்களை மட்டும். சீ-மீ-வீ 4 கேபிள் கொழும்பிலும் சீ-மீ-வீ 5 மாத்தறையிலும் கரையேறுகின்றன. இரண்டும் கிழக்கே சிங்கப்பூரையும் மேற்கே செங்கடல் வழியாக ஐரோப்பாவையும் இணைக்கின்றன. 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே சீ-மீ-வீ 4 உட்படச் சில கேபிள்கள் சேதமடைந்தபோது, ஆசியாவின் பல நாடுகளில் ஐரோப்பியத் தளங்கள் மெதுவாகின. மைக்ரோசொஃப்ட் கூடத் தன் அசூர் சேவையில் தாமதம் இருப்பதாக அறிவித்தது. அப்படியான நாட்களில் சிங்கப்பூரில் உள்ள தளம் பறக்கும், லண்டனில் உள்ளது இழுக்கும். கப்பல் போய்த் திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். செய்தியில் அப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரவுட்டரில் கை வையுங்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். பேஸ்புக்கும் யூடியூப்பும் ஓடுகின்றன, வேறு எதுவும் திறக்கவில்லை.

முதலில் கம்பனியின் செயலியைத் திறந்து மிச்ச டேட்டாவைப் பாருங்கள். இந்தப் புகாருக்கு எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

பல பாக்கேஜ்களில் டேட்டா ஒரே பானையில் இருப்பதில்லை. எல்லாத் தளத்துக்குமானது ஒன்று, இரவுக்கு மட்டுமானது ஒன்று, யூடியூப் அல்லது சமூக ஊடகத்துக்கு மட்டுமானது இன்னொன்று. பொதுவானது முடிந்தபிறகும் யூடியூப்புக்கான டேட்டா மீதி இருந்தால், வீட்டில் உள்ளவர்களுக்கு இணையம் இருப்பது போலவே தெரியும். பள்ளிக்கூடத் தளம் மட்டும் திறக்காது. வேறு சில பாக்கேஜ்களில் அளவு முடிந்ததும் இணையம் அறுபடாது, வேகம் குறைக்கப்படும். அப்போது எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் எப்படியோ திறக்கும், படமும் விளம்பரமும் நிறைந்த செய்தித் தளங்கள் நின்றுவிடும்.

வீட்டில் நான்கு பேர் பாவிக்கும்போது யார் எதை முடித்தார்கள் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. போன்கள் இரவில் படங்களைத் தானாகக் கிளவுட்டுக்கு ஏற்றுவதும், கணினி தானாகப் புதுப்பிப்புகளை இறக்குவதும் யாரும் கேட்காமலே நடக்கின்றன. அந்த இரண்டையும் இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளி வைத்தாலே மாதம் தாங்கும்.

இரவு 7 மணிக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. காலையில் எல்லாம் திறக்கிறது.

4ஜி என்றால் ஒரு கோபுரத்தின் வேகத்தை அந்தச் சுற்றுவட்டாரம் முழுதும் பங்குபோடுகிறது. கல்முனை, ஏறாவூர் போல வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் மாலையானதும் எல்லாரும் ஒரே கோபுரத்தில் ஏறுகிறார்கள். கோபுரம் தள்ளி இருக்கும் படுவான்கரைக் கிராமங்களில் ஆட்கள் குறைவாக இருந்தாலும் சிக்னல் பலவீனம். நெரிசலை உங்களால் தீர்க்க முடியாது, சிக்னலைக் கூட்ட முடியும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. (RSRP) என்று ஒரு இலக்கம் இருக்கும். மறை 80ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மறை 110ஐத் தாண்டிக் கீழே போனால் மோசம். ரவுட்டரை ரீவி மேசைக்குப் பின்னால் வைக்காமல், கோபுரம் உள்ள பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். தகரக் கூரையும் கொங்கிறீட் பிளேட்டும் சிக்னலை நன்றாகவே மறிக்கும். அடர்ந்த தென்னந்தோப்பும் அப்படித்தான், மழை நனைத்த ஓலை இன்னும் மோசம்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கிறது, பின் அறையில் இல்லை.

அது வைஃபை. பின் அறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ், ரவுட்டர் உள்ள அறைக்கு 5 கிகாஹேர்ட்ஸ் பாவியுங்கள். 2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்று சனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீடுகள் எல்லாம் 6இல் இருந்தால் நீங்கள் 1க்கு மாறுங்கள்.

டி.என்.எஸ். மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். உண்மையா?

சில வேளை. டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. அது மந்தமாக இருந்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும்: ஒரு தளத்துக்குள் முதல் தடவை நுழைய நேரம் எடுக்கும், நுழைந்தபிறகு உள்ளே உள்ள பக்கங்கள் மடமடவென்று திறக்கும். கணினியில் குரோமின் இடது கீழ் மூலையில் ரிசால்விங் ஹோஸ்ட் என்று நெடுநேரம் நின்றால் அதுவேதான். அங்கே வெய்ட்டிங் ஃபோர் என்று வந்து நின்றால் பெயர் கிடைத்துவிட்டது, பதில்தான் வரவில்லை, டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பயனில்லை.

மாற்றுவதென்றால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9இன் 9.9.9.9 ஆகிய மூன்றும் இலவசம். முதலில் ஒரே ஒரு கருவியில் போட்டுப் பாருங்கள், நன்றாக இருந்தால் ரவுட்டரில் போடலாம். பழைய இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய தளங்கள் பல, உங்கள் கேள்வி எந்த டி.என்.எஸ். வழியாக வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பக்கத்திலுள்ள சர்வரைக் கொடுக்கின்றன. உங்கள் கம்பனியின் டி.என்.எஸ்.ஸை விட்டுவிட்டால், கொழும்பில் பிரதி இருந்தும் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ அனுப்பப்படலாம். ஒரு தளத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்று மெதுவாகும். அப்படி நடந்தால் தயங்காமல் பழையதற்கே திரும்புங்கள்.

இன்னொன்று: அன்ட்ரொயிட் 9 முதல் போனில் பிரைவேட் டி.என்.எஸ். என்ற அமைப்பு உண்டு. விளம்பரத்தைத் தடுக்கவென்று அதில் யாரோ ஒரு பெயரைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அந்தச் சேவை நின்றுவிட்டால் அந்தப் போன் மட்டும் திணறும்.

பக்கம் பாதி திறந்து அப்படியே நிற்கிறது. தலைப்பு வருகிறது, மற்றது வரவில்லை. படிவத்தைச் சமர்ப்பித்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். எந்தத் துண்டு நிற்கிறது என்று வரிசையாகத் தெரியும். தமிழ்ச் செய்தித் தளங்களில் பல நேரம் செய்தி வந்திருக்கும், யாரோ ஒரு மூன்றாம் தரப்பு விளம்பரச் சர்வர்தான் முழுப் பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கும். அதற்கு உங்கள் லைன் பொறுப்பில்லை.

நிற்பது அந்தத் தளத்தின் சொந்தத் துண்டு என்றால் எம்.டி.யு.வைச் சந்தேகியுங்கள். இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது; ஒரு பொட்டலத்தில் எத்தனை பைட் போகலாம் என்ற எல்லை அது. ஈதர்நெட்டில் 1500. தொலைபேசி வயரில் வரும் ஏ.டி.எஸ்.எல். லைன்கள் பெரும்பாலும் பி.பி.பி.ஓ.ஈ. முறையில் இணைவதால் 8 பைட் அதற்குப் போய் 1492தான் மிஞ்சும். ரவுட்டரில் 1500 என்று தவறாக இருந்தால், பெரிய பொட்டலங்கள் வழியில் விழுந்துவிடும். அதை அறிவிக்கும் தகவலையும் சில தளங்களின் பாதுகாப்பு அமைப்பு தடுத்துவிடும். அதனால்தான் ஒரு தளம் ஓட, இன்னொரு தளம் பாதியில் நிற்கிறது. சிறிய கேள்வி போகும், பெரிய பதில் வராது.

ரவுட்டரின் அமைப்பில் வெளி இணைப்புக்கான வான் (WAN) என்ற பகுதிக்குப் போய் எம்.டி.யு.வைச் சோதனைக்காக 1400 ஆக்குங்கள். அந்தத் தளம் உடனே திறந்தால் நோய் பிடிபட்டது. பிறகு 1492 போட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் 1480, 1460 என்று இறங்குங்கள். புது ரவுட்டர் வாங்கிய பிறகோ, ரீசெட் பொத்தானை அழுத்திய பிறகோ இந்தக் குறை தொடங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

போனில் திறக்கிறது, லப்டொப்பில் மட்டும் இழுக்கிறது. அல்லது மறுதலையாக.

வி.பி.என். ஓடுகிறதா என்று பாருங்கள். உங்கள் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக, பெரும்பாலும் வெளிநாட்டுக்குச் சுற்றி அனுப்பும் செயலி அது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்ட நாட்களில் நிறையப் பேர் வி.பி.என். செயலி போட்டார்கள், அது இன்னும் சில போன்களில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இலங்கை வங்கித் தளத்தைத் திறக்க நெதர்லாந்து போய்த் திரும்பினால் மெதுவாகத்தான் இருக்கும். சில வங்கிகள் வெளிநாட்டு முகவரி என்று மறுத்தும் விடும். இலவச வி.பி.என்.களை நீக்கிவிடுவதே நல்லது, உங்கள் போக்குவரத்து முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் கையால் போகிறது.

வி.பி.என். இல்லையென்றால் இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அதில் வேகமாக இருந்தால் அநேகமாகப் பிரவுசரில் சேர்த்த நீட்சிகளில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம்.

லப்டொப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை பழுதாக இருப்பதும் உண்டு. கணினி அந்தப் பாதையில் முயன்று காத்திருந்துவிட்டுப் பிறகுதான் பழைய பாதைக்கு வரும். வலையமைப்பு அமைப்பில் அதைத் தற்காலிகமாக அணைத்துப் பார்த்து, குறை தீர்ந்தால் கம்பனிக்கு அறிவியுங்கள்.

பரீட்சை முடிவு வரும் நாளில் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறக்கவே இல்லை.

நாடு முழுதும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டுகிறது. உங்கள் லைன் சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளையைப் பதற விடாமல் குறுஞ்செய்தி மூலம் பெறும் வழியைப் பாவியுங்கள், அல்லது இரவு பிந்திப் பாருங்கள்.

மழை தொடங்கினால் மெதுவாகிறது.

தொலைபேசி வயரில் இணையம் எடுப்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை: ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் வழியில் எங்கோ இணைப்பில் தண்ணீர் போயிருக்கிறது. உப்புக் காற்றில் செம்பு மூட்டுகள் அரித்துப்போவது கரையோர ஊர்களில் புதிதல்ல. இது எல்லாத் தளத்தையும் பாதிக்கும் குறைதான், ஆனால் பாரமான தளங்களில்தான் முதலில் தெரியும். முறைப்பாட்டில் தொலைபேசியில் இரைச்சல் என்று முதலில் சொல்லுங்கள், அது லைன்காரரை வீட்டுக்கு வரவைக்கும் புகார்.

ஃபைபர் மழைக்கு அசையாது. அதில் லொஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் இழை முறிந்திருக்கலாம், அப்போது ஒரு தளமும் திறக்காது. எதுவானாலும், இடி முழங்கும் பின்னேரங்களில் ரவுட்டரின் கரண்ட் வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றி விடுங்கள்.

கம்பனிக்கு எப்படி முறையிடுவது?

இணையம் ஸ்லோ என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: இன்ன தளம், இன்ன நேரம், எல்லாக் கருவியிலும், வயரிலும் சோதித்தேன், வேறு கம்பனியின் சிம்மில் உடனே திறக்கிறது, கொழும்பு ஸ்பீட் டெஸ்டில் இவ்வளவு, சிங்கப்பூரில் இவ்வளவு. இதைக் கேட்டால் அடுத்த நிலைத் தொழில்நுட்பவியலாளருக்கு அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

ட்ரேஸ்ரூட் பார்க்கும் இலவசச் செயலிகள் போனுக்கும் உண்டு. அது பொட்டலம் போகும் ஒவ்வொரு நிறுத்தத்தையும், அங்கு எடுத்த நேரத்தையும் காட்டும். 10 மில்லி செக்கனிலிருந்து திடீரென 150க்குத் தாவினால் அங்கே கடல் தாண்டுகிறது, அது இயல்பு. இடையில் ஒரு நிறுத்தம் பதில் தராமல் வெறும் நட்சத்திரக் குறி காட்டினாலும், அடுத்தவை பதில் தந்தால் கவலையில்லை. சிங்கப்பூரில் உள்ள தளத்துக்கு ஐரோப்பா சுற்றிப் போகிறதென்றால், அல்லது ஒரு இடத்திலிருந்து கடைசி வரை எல்லா நேரமும் ஏறியே நின்றால், அந்த ஸ்கிரீன்ஷொட்தான் உங்கள் சாட்சி. நல்ல நேரத்தில் எடுத்த இன்னொன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஸ்ரீலங்கா டெலிகொம் பாவனையாளர்களுக்கு 1212. எந்தக் கம்பனியானாலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள், பாதி விளங்கிய புகார் பாதிதான் திருத்தப்படும். கம்பனி தொடர்ந்து தட்டிக்கழித்தால், அந்த இலக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட்களையும் சேர்த்து இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.